பழைய மடிப்புக் கமரா: திருகோணமலையில் வாங்கிப் பாவிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மடிப்புக் கமரா வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது லென்ஸைப் பற்றித்தான். டெசார் நல்லதா, நோவார் போதுமா, ஸ்கோபார் கிடைக்குமா என்று. ஆனால் எழுபது வருடப் பழைய கமராவில் படம் கெடுவது பெரும்பாலும் லென்ஸால் அல்ல. லென்ஸையும் உடம்பையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியில் ஊசித்துளை இருக்கும், லென்ஸ் நிற்கும் முன்பக்கம் சற்றே சாய்ந்து நிற்கும், ஃபோகஸ் செய்யும் தூர வளையம் இறுகிப்போயிருக்கும், அல்லது ஷட்டருக்குள் பழைய எண்ணெய் காய்ந்து ஒட்டியிருக்கும். ஆகவே பெயர் பெற்ற லென்ஸோடு நொந்துபோன கமராவை விட, சாதாரண லென்ஸோடு நேராக நிற்கும் கமராவே மேல் என்பது என் கட்சி. உப்புக் காற்றும் மார்கழி ஈரமும் உள்ள எங்கள் ஊருக்கு இது இன்னும் பொருந்தும்.

இந்தக் கமராக்கள் கேட்பது 120 ரோல் பிலிம். 1901 இல் கொடாக் கொண்டுவந்த அளவு அது, இன்றும் புதிதாகத் தயாராகிறது. 6×6 சென்டிமீட்டர் சட்டகத்தில் ஒரு ரோலுக்கு 12 படம், 6×9 இல் 8 படம், 6×4.5 இல் 16 படம். 6×6 நெகட்டிவ் ஒன்று சாதாரண 35 மில்லிமீட்டர் நெகட்டிவைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் பரப்புள்ளது. அவ்வளவு பெரிய நெகட்டிவைத் தரும் கமரா மடித்தால் காற்சட்டைப் பைக்குள் போய்விடும். இதைத் தூக்கித் திரிவதற்குக் காரணமே அதுதான்.

எதை வாங்குவது

முதல் கமராவுக்கு 6×6 போதும். 6×9 கமராக்கள் அழகானவை, ஆனால் துருத்தி நீளம், முன்பக்கம் ஆட வாய்ப்பும் அதிகம்.

சைஸ் ஐகான் நெட்டார் வகையை நான் முதலில் சொல்வேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 517/16, 518/16 எண் மொடல்களில் 75 மில்லிமீட்டர் நோவார் லென்ஸ் இருக்கும். மூன்று கண்ணாடி கொண்ட எளிய லென்ஸ். அப்பேச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துவாரத்தை, முழுதாகத் திறந்தால் ஓரங்கள் மங்கும், எஃப் 11க்குக் குறுக்கினால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சைஸ் துருத்திகள் பொதுவாக நீடித்து உழைப்பவை. ஃபொக்லாண்டர் பெர்கியோ இன்னும் சிறியது, கட்டுமானமும் கச்சிதம், விலை கூடும்.

அக்ஃபா ஐசோலெட் மலிவாகக் கிடைக்கும், காரணத்தோடுதான். அதன் துருத்தி மூலைகளில் ஊசித்துளை விழுவது பேர்போன குறை. தூர வளையத்தில் போட்ட பச்சை கிரீஸ் காலப்போக்கில் சிமெந்தாய் இறுகிவிடும். வளையத்தைப் பலவந்தமாகத் திருப்பினால் முன்கண்ணாடியோடு நடுக்கண்ணாடியும் சேர்ந்து சுழலும், தூர அளவு முழுவதும் பிழைத்துவிடும். திருத்தத் தெரிந்தவருக்கு நல்ல கமரா, புதியவருக்குத் தலைவலி.

சோவியத் மொஸ்க்வா 5, சைஸின் சுப்பர் ஐகொன்டா மாதிரியைப் பின்பற்றியது. 1956 முதல் 1960 வரை செய்யப்பட்டது. தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் உண்டு. கனமும் உண்டு. தூரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது கஷ்டம் என்றால் மட்டும் யோசியுங்கள்.

கொடாக்கின் 'சிக்ஸ்-20' என்று பொறித்த கமராக்களை விட்டுவிடுங்கள். அவை 620 ரோல் கேட்பவை. பிலிமின் அகலம் ஒன்றுதான், ஆனால் சுருள் மெல்லியது. 120 பிலிமை இருட்டில் 620 சுருளுக்கு மாற்றிச் சுற்ற வேண்டும். ஆரம்பத்திலேயே அந்த வேலை எதற்கு?

எங்கே தேடுவது

இக்மன், ஃபேஸ்புக் விற்பனைப் பக்கங்களில் பழைய கமரா அவ்வப்போது வரும். ஆனால் 'அலங்காரப் பொருள்' என்று விற்பவர்தான் அதிகம். 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த ஊர், யாராவது வீட்டு அலுமாரியில் என்சைன் என்ற பழைய ஆங்கிலேயக் கமரா ஒன்று கிடக்காதா என்று ஆசைப்படலாம், தவறில்லை. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நடைமுறையில் கைகொடுப்பது லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர்தான். ஈபேயில் வாங்கி அவர் விலாசத்துக்கு அனுப்பச் செய்து, லீவில் வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். தபாலில் நேரே வரவழைத்தால் சுங்க வரியையும் கணக்கில் சேருங்கள். பிலிமும் கொண்டுவரச் சொல்வதென்றால் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பெரிய பெட்டிகளுக்கான ஸ்கானர் கதிர் பலமானது, பிலிமைப் புகைமூட்டமாக்கிவிடும். கைப்பையிலும், கையால் பார்க்கும்படி கேட்பது நல்லது.

விற்பவரிடம் "வேலை செய்யுதா?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். படமாகக் கேளுங்கள். ஊரில் உள்ளவருக்கு நான் அனுப்புவது இப்படி: "அண்ணா, கமராவைத் திறந்து, மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புவீங்களா? பின்மூடியைத் திறந்து, உள்ளே டோர்ச் அடிச்சு, துருத்தியின்ட நாலு மூலையும் தெரியிற மாதிரி இன்னொண்டு. தூர வளையம் கையால லேசாத் திரும்புதா எண்டும் பாத்துச் சொல்லுங்கோ." இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

கையில் வந்ததும் செய்ய வேண்டிய சோதனை

பிலிம் போடுவதற்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். வழிகாட்டியின் முக்கியமான பகுதி இதுதான், அவசரப்பட வேண்டாம்.

முதலில் துருத்தி. இரவில், அறை விளக்கை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை பொறுங்கள். பின்மூடியைத் திறந்து சிறிய எல்.ஈ.டி. டோர்ச்சை உள்ளே விட்டு, மடிப்புகளின் மூலைகளை வெளியிலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். துருத்தியை மெதுவாக அசைத்தும் பாருங்கள், சில துளைகள் மடிப்பு விரியும் கோணத்தில் மட்டும்தான் தெரியும். ஒன்றிரண்டு துளை என்றால் துணிக்குப் பூசும் கறுப்பு நிறத்தைத் தடித்த குழம்பாகத் தொட்டு வைத்து, முழுதாகக் காய்ந்தபின் மடிக்கலாம். தற்காலிக வைத்தியம்தான், ஆனாலும் சில ரோல்களுக்குத் தாங்கும். நெயில் பொலிஷ் வேண்டாம். காய்ந்தால் விறைத்து, மடிக்கும்போது வெடித்து, ஓட்டையைப் பெரிதாக்கும். மூலைக்கு மூலை வெளிச்சம் வந்தால் துருத்தியையே மாற்ற வேண்டும், அந்தக் கமராவைத் திருப்பி அனுப்ப வழியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, முன்பக்கம் நேராக நிற்கிறதா? கமராவைத் திறந்து மேலிருந்து பாருங்கள். லென்ஸ் தாங்கும் தட்டு உடம்புக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். விரலால் லேசாகத் தட்டினால் மிகச் சிறிய அசைவு இருக்கலாம், லொடலொடவென்று ஆடக் கூடாது. கீழே விழுந்த கமராவை இதில்தான் பிடிக்கலாம்.

ஷட்டரைப் பார்க்க, பின்மூடியைத் திறந்தபடி வானத்தை நோக்கி ஒவ்வொரு வேகத்திலும் அழுத்துங்கள். 1/25 போன்ற மெதுவான வேகங்களைப் போனின் ஸ்லோமோஷனில் சோதிக்கலாம். வினாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் போனில் 1/25 வேகம் ஒன்பது பத்து சட்டகங்களுக்குத் திறந்து தெரிய வேண்டும். இருபது தெரிந்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உச்ச வேகம் சொன்னதைவிட மெதுவாக ஓடுவது எல்லாப் பழைய ஷட்டருக்கும் இயல்பு. நெகட்டிவ் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பதால் அதற்காகக் கவலைப்பட வேண்டாம். மெதுவான வேகங்கள் நின்றுபோயிருந்தாலும் 1/100, 1/200 சரியாக ஓடினால் எங்கள் வெயிலில் வேலை நடக்கும்.

தையல் மெஷின் எண்ணெயோ துருநீக்கி ஸ்பிரேயோ ஷட்டரில் விடவே கூடாது. எண்ணெய் இதழ்களுக்குப் பரவி, நிலைமை மோசமாகும். ஷட்டருக்குள் இருப்பது மணிக்கூட்டுப் பல்சக்கரம் போன்ற இயந்திரம்தான். பழைய சாவி மணிக்கூடுகளைத் திருத்திப் பழகிய ஒருவர் கிடைத்தால் காட்டிப் பேசலாம். செல்ஃப் டைமர் நெம்பு இருந்தால் தொடாதீர்கள். பழைய ப்ரொன்டோர் ஷட்டர்களில் அது பாதியில் சிக்கினால் ஷட்டர் முழுவதும் நின்றுவிடும். கொம்பூர் ராப்பிட் ஷட்டர் என்றால், உச்ச வேகத்தை ஷட்டரை ஏற்றுவதற்கு, அதாவது நெம்பை இழுத்து ஆயத்தமாக்குவதற்கு, முன்பே வையுங்கள், ஏற்றியபின் வளையத்தை அங்கே தள்ளக் கூடாது.

லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் தூசி நிச்சயம் தெரியும், அதனால் படத்துக்கு ஒன்றும் ஆகாது. சிலந்தி வலைபோல் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சணம். லேசானதைத் துடைத்து எடுக்கலாம், நாள்பட்டது கண்ணாடியையே அரித்திருக்கும். வெண்புகைபோல் மங்கல் இருந்தால் வெயிலுக்கு எதிராகப் படம் எடுக்கவே முடியாது.

கடைசிச் சோதனை தூர அளவு. இதைப் பலரும் செய்வதில்லை. பின்மூடியைத் திறந்து, பிலிம் படியும் இடத்தில் ட்ரேசிங் தாளை இழுத்து ஒட்டுங்கள். சட்டகத்தின் இரு பக்கமும் இரண்டு ஜோடித் தண்டவாளம் இருக்கும். தாள் உள் ஜோடியின் மேல் தட்டையாகப் படிய வேண்டும். ஷட்டரை பி (அழுத்திப் பிடிக்கும்வரை திறந்திருக்கும்) அல்லது டி (மறுபடி அழுத்தும்வரை திறந்திருக்கும்) நிலையில் திறந்து வைத்து, அப்பேச்சரை முழுதாகத் திறந்து, வளையத்தை முடிவிலிக் குறியில் வையுங்கள். டச்சுக்குடாக் கடற்கரையில் நின்று கோணேசர் மலையை நோக்கினால் போதுமான தூரம். உருப்பெருக்கியால் பாருங்கள், மலையின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வளையத்தைப் பிடிக்கும் சின்ன ஆணிகளைத் தளர்த்திச் சரிசெய்ய முடியும். தளர்த்துவதற்கு முன் வளையம் நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

பிலிம் போடுவது

நிழலில் போடுங்கள். காலிச் சுருள் திருகி இருக்கும் பக்கம், புது ரோல் மறுபக்கம். ஒட்டுக் காகிதத்தைக் கிழித்தபின் ரோல் தளராமல் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். தளர்ந்தால் ஓரத்தால் வெளிச்சம் புகுந்துவிடும். பிலிமோடு சேர்ந்து சுற்றியிருக்கும் பின்காகிதத்தின் நுனியைக் காலிச் சுருளின் பிளவுக்குள் விட்டு, இரண்டு சுற்று சுற்றி, காகிதம் இரு பக்கமும் ஒரே அளவாக ஏறுகிறதா என்று பார்த்து, மூடுங்கள். பின்பக்கச் சிவப்பு ஜன்னலின் மூடியைத் திறந்து மெதுவாகத் திருகினால் அம்புக்குறிகளோ புள்ளிகளோ நகர்ந்து, பிறகு 1 வரும். அங்கே நிறுத்தி ஜன்னலை மூடுங்கள்.

அந்த ஜன்னல் சிவப்பாக இருப்பது, அக்காலப் பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது என்பதால். இன்றைய பிலிமுக்குத் தெரியும். கடற்கரை வெயிலில் ஜன்னலைத் திறந்துகொண்டு எண் தேடினால் காகிதத்தையும் மீறி எண்ணும் புள்ளியும் படத்தில் பதியலாம். உடம்பால் நிழல் செய்து, பார்த்தவுடன் மூடுங்கள். மூடி இல்லாத கமராவுக்குக் கறுப்பு டேப் ஒரு துண்டு.

படம் எடுக்கும் ஒழுங்கு

ஒழுங்கை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: கமராவைத் திற, பிலிமைத் திருகு, தூரம் வை, அப்பேச்சரும் வேகமும் வை, ஷட்டரை ஏற்று, அழுத்து. பிலிமைத் திருகுவது திறந்த பிறகு வருவதற்குக் காரணம் உண்டு. துருத்தி திடீரென விரியும்போது உள்ளே காற்று உறிஞ்சப்பட்டு, பிலிம் முன்னோக்கி உப்பும். திறந்தபின் திருகினால் பிலிம் இழுபட்டு மறுபடி தட்டையாகும். அதே காரணத்தால் பொத்தானை அமுக்கியவுடன் முன்கதவைப் பாயவிடாமல் கையால் தாங்கி மெதுவாகத் திறங்கள். கட்டமைப்பும் சேதமில்லாமல் தப்பும். மூடும்போது தூர வளையத்தை முடிவிலிக்குத் திருப்பிவிட்டு மூடுங்கள், பல கமராக்கள் அப்போதுதான் சரியாக மடியும்.

வெளிச்சத்துக்கு மீட்டர் கட்டாயமில்லை. நல்ல வெயிலில் எஃப் 16, வேகம் பிலிமின் ஐ.எஸ்.ஓ எண்ணில் (வெளிச்ச உணர்திறன் எண்) ஒரு பங்கு. ஐ.எஸ்.ஓ 100 என்றால் 1/100. நிலாவெளி வெண்மணலும் கடலும் சேர்ந்த நடுப்பகலில் எஃப் 22. மெல்லிய மேகத்துக்கு எஃப் 11, மூடிய வானத்துக்கு எஃப் 8, வேப்பமர நிழலில் எஃப் 5.6. இவற்றில் பல கமராக்களின் உச்ச வேகம் 1/200 தான் என்பதால், கச்சான் வீசும் மாதங்களில் 400 பிலிம் போட்டால் எஃப் 22லேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ 100 அல்லது 125 பொருத்தம்: ஃபோமாபான் 100, இல்ஃபோர்ட் எஃப்.பி.4. கார்த்திகை, மார்கழி மழைக்காலத்துக்கு எச்.பி.5 போன்ற 400.

தூரத்தைத் துல்லியமாக அளக்கப் போராட வேண்டாம். 75 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 11இல், 10 மீட்டரில் வைத்தால் ஏறத்தாழ 5 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாக விழும். நெட்டாரின் அளவுகோல்களில் இருக்கும் சிவப்புப் புள்ளிகள் இதற்குத்தான். அளவுகோல் அடியிலா மீட்டரிலா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், இங்கிலாந்துக்குச் செய்த கமராக்களில் அடிதான். ஐந்து மீட்டருக்குக் கிட்டே வரும் முகங்களுக்கு மட்டும் நடந்து அளந்து, அப்பேச்சரைக் குறுக்கி எடுங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான்கள் பயிற்சிக்கு நல்லவை. ஆளைக் கண்டு ஓடாது, நீங்கள் வளையத்தைத் திருப்பும்வரை பொறுமையாக நிற்கும்.

போருக்கு முந்திய லென்ஸ்களில் பூச்சு இல்லை, பக்கத்து வெளிச்சம் பட்டால் படம் வெளுக்கும். கையால் நிழல் பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். எங்கள் கரை கிழக்கைப் பார்த்தது. காலையில் கடலை நோக்கி எடுத்தால் சூரியன் நேரே லென்ஸுக்குள். மாலையில் வெளிச்சம் முதுகுப்பக்கமிருந்து கடல்மேல் விழும், டச்சுக்குடாவுக்கு அதுதான் நேரம். உள்துறைமுகப் பக்கம் இது தலைகீழ். கோட்டையிலும் துறைமுகத்தைச் சுற்றியும் இராணுவ, கடற்படை முகாம்கள் இருப்பதை மறக்க வேண்டாம். காவலரண் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள். விசித்திரமான கமரா என்பதால் கேள்வியும் கூட வரும், திறந்து காட்டினால் பெரும்பாலும் சிரிப்போடு முடியும்.

உப்பும் ஈரமும்

புறாமலைக்குப் போகும் படகில் கமராவைத் திறக்கவே வேண்டாம். துருத்தி மடிப்புக்குள் ஒருமுறை உப்புச் சாரல் போனால் இரும்புக் கைகளில் கறல் பிடிக்கும். கடற்கரையிலிருந்து வந்ததும் ஊதுபந்தால் மணலை ஊதி, சற்றே ஈரமான துணியால் உலோகப் பாகங்களைத் துடைத்து, காயவிடுங்கள்.

கமராவோடு வந்த தோல் உறை பார்க்க அழகு, பூஞ்சணத்துக்கு வீடு. அதைத் தனியே வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்தெடுத்து மறுபடி போடலாம், ஆனால் சமையலுக்குப் பாவிக்கும் தாச்சியில் அல்ல. பிலிம் பிரிட்ஜில் இருக்கலாம். எடுத்தவுடன் உறையைப் பிரித்தால் எங்கள் காற்றில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், சில மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிரியுங்கள்.

கழுவுவது

கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுங்கள். பிலிமைக் கழுவும் தொட்டியின் சுருளியில் ஏற்றும் கட்டத்தில்தான் இந்த ஊர் சோதிக்கும். வெளிச்சம் புகாத கறுப்புப் பைக்குள் கைவிட்ட ஐந்து நிமிடத்தில் வியர்த்து, பிளாஸ்டிக் சுருளி ஈரமாகி, பிலிம் பாதியில் சிக்கும். இரவில், ஜன்னல் அடைத்த அறையில், பை இல்லாமல் ஏற்றுவது நல்லது. சுருளி எலும்பாய்க் காய்ந்திருக்க வேண்டும். பிலிம் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், பின்னுக்கு எடுத்து மறுபடி தொடங்குங்கள்.

பற்றர்சன் தொட்டியில் 120 ரோல் ஒன்றுக்கு 500 மில்லிலீட்டர் கரைசல் வேண்டும். மருந்துப் பெட்டிகளில் நேரங்கள் 20 பாகைக்குத்தான் போட்டிருக்கும், எங்கள் குழாய்த் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு. ஐஸ்கட்டி போட்ட பேசினில் போத்தல்களை நிறுத்தி 24 பாகைக்கு இறக்கினால் போதும், 20க்கு மல்லுக்கட்ட வேண்டாம். எச்.பி.5ஐ ஐ.டி.11 என்ற டெவலப்பரில், ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து கழுவினால் 20 பாகையில் 13 நிமிடம். 24 பாகையில் ஒன்பதரை நிமிடமளவில் முடியும். நேரம் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போகும் சேர்க்கைகளைத் தவிருங்கள், படம் திட்டுத்திட்டாகும். பிக்ஸரும் அலசும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கட்டும்.

அலசத் தண்ணீரை ஓடவிட வேண்டியதில்லை. இல்ஃபோர்ட் சொல்லும் முறை சிக்கனமானது: தொட்டியை நிரப்பி 5 தடவை கவிழ்த்து ஊற்று, மறுபடி நிரப்பி 10 தடவை, மறுபடி 20 தடவை. கடைசி அலசலுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். உவர் இருந்தால் பிலிமில் வெள்ளைப் பொட்டுகள் காயும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு போத்தல் வாங்கி வையுங்கள். காயப் போடுவதற்கு மின்விசிறி ஓடாத குளியலறை நல்லது, தூசி குறைவு.

காய்ந்த நெகட்டிவை வெண்ணிற எல்.ஈ.டி. பலகையில் வைத்து, மேலிருந்து டிஜிட்டல் கமராவால் நேராகப் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினால் ஸ்கான் ஆயிற்று. முதல் ரோலில் எந்தப் படத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைக் கீற்று விழுந்திருந்தால் துருத்தியையும், எல்லாப் படத்திலும் ஒரு பக்கம் மட்டும் மங்கியிருந்தால் முன்தட்டின் சாய்வையும், தூரத்தில் உள்ளவை மட்டும் மங்கியிருந்தால் தூர வளையத்தையும் மறுபடி சோதியுங்கள்.